ஆர்டர் வருகிறது, காசு நிற்கவில்லை: ஓலைத் தொழிலில் நான் கற்றது

தொண்டியில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பனை ஓலையில் கொட்டான் (சின்னக் கூடை), பரிசுப் பெட்டி செய்து ஒரு வருடமாக விற்கிறாராம். ஆர்டர் குறையவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கினால் சரியாகிவிடுமா, இத்தனை வருடத்தில் நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள் என்று கேட்கிறார்.

நான் பெரியபட்டினம் பக்கம், அதே ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைதான். 2016-இல் வீட்டுத் திண்ணையில், என் மாமியாரும் நானும் மட்டும் உட்கார்ந்து ஆரம்பித்தது. இன்று பதினான்கு பெண்கள் எங்களோடு முடைகிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்தபோது என்னுடைய முதல் மூன்று வருடத்தை யாரோ எழுதி அனுப்பியது போல இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நாம் ஓலையை விற்கவில்லை தங்கச்சி, கையின் நேரத்தை விற்கிறோம். எனக்கு இது 2019-இல்தான் உறைத்தது. அந்த வருடம் ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பைக்குப் பதில் ஓலைப்பெட்டி கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை மாதம் ஐம்பது பெட்டி போனால் பெரிது. திடீரென்று நூறு, இருநூறு என்று வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை வேலை. ஆனால் ஆடி மாதம் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வளையலை அடகு வைத்தேன். அன்றைக்குத்தான் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

மூடி வைத்த சின்னப் பெட்டி, ஐந்து அங்குலம். சந்தையில் 40 ரூபாய்க்கு விற்கிறது என்று நானும் 40 வைத்திருந்தேன். முடைகிறவருக்கு ஒரு பெட்டிக்கு 20. ஓலை, சாயம், விறகு எல்லாம் சேர்த்து 8. அட்டைப்பெட்டி, டேப் 4. ஆகவே எனக்கு 8 ரூபாய் லாபம், நூறு பெட்டிக்கு 800 என்று மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதியதும் அது உடைந்தது. நூறில் பத்து பெட்டி எப்படியும் கழியும்: மூடி உட்காராது, விளிம்பு பிரியும், சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். முடைந்தவருக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அட்டைப்பெட்டியும் டேப்பும் மட்டும் தொண்ணூறுக்குத்தான். ஆக நூறு பெட்டிக்குச் செலவு 3,160. விற்பது தொண்ணூறு, வரவு 3,600. மிச்சம் 440. இந்த நூறுக்கும் ஓலை வார்ந்து, சாயம் காய்ச்சி, பிசிறு வெட்டி, கட்டி முடிக்க நான் உழைத்தது ஏறக்குறைய 49 மணி நேரம். மணிக்கு 9 ரூபாய்.

இதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று. ஒரு பெட்டியும் மூடியும் முடைய நல்ல கைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. 20 ரூபாய் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 160. அந்த வருடம் நூறு நாள் வேலைக் கூலியே 229 ரூபாய். என்னை நம்பி உட்கார்ந்த பெரியம்மாவுக்கும் மதினிக்கும் வரப்பு வெட்டுகிற கூலியைவிடக் குறைவாகக் கொடுத்துக்கொண்டு, "பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே கணக்கைத் திருப்பிப் போட்டேன். முடைகிறவருக்கு மணிக்கு 30. என் அரை மணி நேரத்துக்கு 15. ஓலை, சாயம், அட்டைப்பெட்டி எல்லாம் 12. கழிவுக்கு 5. பஸ், போன், பார்சல் ஆபீஸுக்கு அலைவதற்கு 8. வேலை இல்லாத மாதத்துக்கு ஒதுக்க 10. கூட்டினால் 80. ஒரே நாளில் விலை இரட்டிப்பு. வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பாதியோடுதான் தொழில் நின்றது, பிறகு வளர்ந்தது. இப்போது முடைகிறவருக்கு மணிக்கு 45 கொடுக்கிறேன். 2025-26-க்கு அறிவித்த நூறு நாள் கூலி 336, எங்கள் கூலி எட்டு மணிக்கு 360 வருகிறது. பெட்டி 110 ரூபாய்.

நீங்களும் ஒரு பெட்டியை எடுத்து, குருத்தை (விரியாத இளம் ஓலையை) வார்வதில் தொடங்கி, போன் கடிகாரத்தை வைத்து நேரம் பிடியுங்கள். மனக்கணக்கு வேண்டாம். போட்டோ எடுப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது எல்லாம் நேரம்தான். உங்கள் காசு எங்கே போகிறது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது மழை. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். அதே 2019 ஐப்பசிக் கடைசியில் சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு 600 பெட்டி. எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் கொட்டும். ஓலை முன்னமே காய்ந்ததுதான், அதில் பிழை இல்லை. ஆனால் முடைவதற்கு ஓலையை மறுபடி நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துத்தான் எடுக்கிறோம். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடியும். அந்த ஈரம் பெட்டியின் அடியிலும் விளிம்பிலும், ஓலை இரண்டு மூன்று மடிப்பாக வருகிற இடத்தில், உள்ளே தங்கிவிடும். தொட்டால் வெளியே காய்ந்தது போலத்தான் இருக்கும். போதாததற்குக் கடல்காற்று. வெயில் இல்லாத நாளில் இந்த உப்புக் காற்றில் எதுவும் முழுதாகக் காயாது. நான் என்ன செய்தேன் என்றால், மழையில் நனையக் கூடாதே என்று ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் பாலிதீனில் சுற்றி அனுப்பினேன். நான்காம் நாள் போன் வந்தது. திறந்து பார்த்தால் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண்ணின் அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா இருக்கிறார். திருப்பி அனுப்பிய பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் காய்ந்தது என்று வைத்திருந்த இன்னொரு பெட்டியை எடுத்தார். அதன் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் ஒட்ட வைத்தார். "குளுகுளுன்னு இருக்கு பாரு, இது இன்னும் காயல" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு பெட்டி போவதற்கு முன் யாராவது ஒருவர் கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பார். பாலிதீன் கிடையாது. செய்தித்தாள் அல்லது பருத்தித் துணி, அட்டைப்பெட்டியில் நான்கு பக்கமும் காற்றுப் போக ஓட்டை. புரட்டாசி முடிவதற்குள் அந்த வருடத்துக்கான ஓலையை வார்ந்து, சாயம் போட்டுக் காயவைத்து, அடுப்படிக்கு மேல் பரணில் ஏற்றிவிடுகிறோம். அடுப்புச் சூடும் புகையும் பூசணத்தை அண்டவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் டெலிவரி கேட்டால், முடைந்த பின் காய்வதற்குப் பத்து நாள் தனியாக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஒத்துக்கொள்ளாதவர்களின் ஆர்டரை எடுப்பதில்லை. ஒரு காலத்தில் ஆர்டரை மறுப்பது பாவம் போல இருக்கும் எனக்கு. இப்போது வருடத்துக்கு நாலைந்தாவது மறுக்கிறேன்.

சாயத்தைப் பற்றி இரண்டு வரி. எங்கள் ஊர்க் கிணற்றில் உவர் தண்ணீர். அதில் காய்ச்சினால் நிறம் மங்கிப் போகிறது. சாயத்துக்கு மட்டும் குழாயில் வருகிற குடிதண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். சாயம் போட்ட ஓலையை இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது பட்டுப்புடவையிலும் ஏறும்.

அளவு பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு தடவை இருபது பெட்டி ஒரு விரல்கடை சின்னதாக வந்தது. முடைந்த மதினியை நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். "ஒரு சாண்" என்று நான் சொல்லியிருந்தேன். என் சாணுக்கும் அவர் சாணுக்கும் ஒரு விரல் வித்தியாசம். பிழை அவர் கையில் இல்லை, என் வாயில். அன்று சாயங்காலமே தச்சரிடம் போய் ஆறு அளவில் மரக்கட்டை அச்சு செய்து வந்தேன். கட்டையைச் சுற்றி முடைந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே வயிறு, எல்லா மூடியும் எல்லாப் பெட்டிக்கும் உட்காரும். கழிவு நூறுக்குப் பத்தில் இருந்து மூன்று, நான்காகக் குறைந்தது. அவரிடம் மன்னிப்பும் கேட்டேன், அதே நாலு பேர் முன்னால். இன்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்தான்.

ஆறு அச்சு என்றேன் இல்லையா, அதற்கு முன் என்னிடம் இருபத்து மூன்று மாடல் இருந்தது. பார்க்கிறவர்கள் கேட்பதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன்: பென் ஸ்டாண்ட், கிலுகிலுப்பை, கம்மல், லேப்டாப் பை. புதிது ஒன்று செய்யும்போது மனதுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் கை ஒரு வடிவத்தில் பழக நூறு பெட்டியாவது வேண்டும். வாரம் ஒரு மாடல் மாறினால் எல்லோரும் எப்போதும் கற்றுக்குட்டியாகவே இருப்போம். இப்போது ஆறு வடிவம்தான் விற்பனைக்கு. ஆசைக்குச் செய்கிற புதியவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அதில் வருடத்துக்கு ஒன்று ஆறுக்குள் நுழையும், பழையது ஒன்று வெளியே போகும்.

யாரிடம் விற்பது? ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கிறதே, யாத்ரீகர்கள் வாங்குவார்கள் என்று நானும் நினைத்தேன். அமாவாசைக் கூட்டம் வரும், வாங்கவும் வாங்குவார்கள். ஆனால் அவர்கள் கை நீளுவது சங்குக்கும் சோழிக்கும்தான். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கும் வரை ரயிலில் வருகிறவர்கள் இந்தக் கரையிலேயே இறங்கி பஸ் பிடித்துத்தான் தீவுக்குள் போக வேண்டியிருந்தது. அங்கே கடையை மட்டும் நம்பியிருந்த ஓலைக்காரர்கள் அந்த இரண்டு வருடமும் பட்ட பாடு எனக்குத் தெரியும். "வித்ததும் காசு தர்றோம்" என்று ஒரு கடைக்காரர் என் பெட்டிகளை ஐந்து மாதம் வெயிலில் தொங்கவிட்டு, நிறம் வெளுத்த பிறகு திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து காசு வாங்காமல் பொருளை வைப்பதில்லை. பத்து ரூபாய் குறைத்துக்கூடக் கொடுப்பேன், கையில் வாங்கிவிடுவேன்.

எங்களை நிமிர்த்தியது உள்ளூர் சாப்பாட்டுப் பொருள். 2020-இல் கொரோனா வந்து கல்யாண ஆர்டர் எல்லாம் ஒரே வாரத்தில் நின்றது. அப்போது சாயல்குடிப் பக்கத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணன், சாயம் இல்லாத வெள்ளைக் குருத்தில் அரைக்கிலோ கருப்பட்டி பிடிக்கிற கொட்டான் கேட்டார். கருப்பட்டியை ஓலையில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தானே. பிறகு கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கிற ஒரு வீட்டார், வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்ப அழகான பெட்டி வேண்டும் என்றார்கள். கல்யாண வீடு ஒரு தடவை வாங்கும். கருப்பட்டிக்காரர் பதநீர்க் காலம் முழுக்க வாரா வாரம் வாங்குகிறார். இன்று எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வகைதான். இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் விரும்புவது நல்லதுதான், அதையும் செய்யுங்கள். ஆனால் தொண்டியைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் எதையாவது பொட்டலம் கட்டி விற்கிறவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியூர் வியாபாரி ஒருவர் எங்கள் பெட்டியில் 'செட்டிநாடு கொட்டான்' என்று சீட்டு ஒட்டித் தரச் சொன்னார். அதிக விலை போகும் என்றார். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது அங்கே முடைகிறவர்களின் பெயர், அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை. நம் கடற்கரைப் பெயரையே போடுங்கள்.

பணம் எப்போது வேண்டும் என்பதைக் கடலும் சேர்ந்து தீர்மானிக்கிற ஊர் நம்முடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வீட்டில் காசு இருக்காது, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். எங்களோடு முடைகிறவர்களில் பாதிப் பேர் கடல்காரர்கள் வீட்டுப் பெண்கள். அந்த இரண்டு மாதம் அவர்கள் எவ்வளவு வேலை கொடுத்தாலும் செய்யத் தயார். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் கொட்டும். அதனால் சித்திரை, வைகாசியில் முடைந்து அடுக்கிவிட்டால் ஆவணியை ஓடாமல் சந்திக்கலாம். வெயிலும் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஆனால் விற்காத பொருளுக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுக்கக் கைமுதல் வேண்டுமே. முதலில் வட்டிக்கு வாங்கி அவதிப்பட்டேன்.   என் சித்திரை மாதக் கூலி இப்போது, வேலை இல்லாத மாதத்துக்கென்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒதுக்குகிற தொகையிலிருந்துதான். மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கல்யாண ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. இதில் கூச்சப்படாதீர்கள்.

ஓலையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு மரத்தில் ஒரு சமயத்தில் எடுக்கக்கூடிய குருத்து ஒன்றுதான். பேராசைப்பட்டு அடுத்தடுத்து வெட்டினால் மரம் நலிந்துவிடும். நாங்கள் பெரும்பாலும் ஏறாமல் எட்டுகிற வடலிகளில் (இளம் பனைகளில்) எடுக்கிறோம். அந்த வடலித் தோப்பை உடையவர் பிளாட் போட விற்கப்போகிறேன் என்றார். சூளைக்கு அனுப்பக் கேட்டு வந்தவர்களும் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது, அது ஒரு துணை. ஆனாலும் மரம் நிற்பதால் உடையவருக்கு வருமானம் இருந்தால்தான் அது நிற்கும். நான் இப்போது குருத்துக்குக் காசு கொடுப்பதோடு, வருடத் தொடக்கத்தில் தோப்புக்கென்று ஒரு தொகையும் கொடுக்கிறேன். எங்கள் பெண்கள் வருடா வருடம் கண்மாய்க்கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறார்கள். ஒரு பனை காய்க்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதில் குருத்து எடுக்கப் போவது எங்கள் பிள்ளைகள்.

இப்போது உங்கள் நேரான கேள்விக்கு வருகிறேன். ஜவுளிக்கடை வேலையை உடனே விட வேண்டாம். நீங்கள் முழுநேரம் உட்கார்ந்தால் இப்போதைய விலையில் நஷ்டம் இன்னும் வேகமாகத்தான் வரும். முதலில் நேரம் பிடித்து விலையை மாற்றுங்கள். விலை மாறிய பிறகு ஆறு மாதம் பாருங்கள், அதில் ஒரு மழைக்காலம் கட்டாயம் இருக்கட்டும். வாரா வாரம் வாங்குகிற உள்ளூர்க்காரர் இரண்டு பேராவது அமைய வேண்டும். உங்கள் கடைச் சம்பளத்தில் மூன்று மாதத் தொகை தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஆனபின் விடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் அந்த வளையல் இரண்டு வருடம் அடகில் இருந்தது.

ஒரே ஆளாக முடைகிறீர்களா, கூட யாராவது இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அளவு அச்சு முக்கியம். என்னிடம் ஐந்து அங்குலமும் எட்டு அங்குலமும் ஒவ்வொன்று கூடுதலாக இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தொண்டி வர வேண்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் முடைந்த பெட்டி ஒன்றைக் கொடுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நேரம் பிடித்துப் பார்ப்போம்.